0.1 விநாடி தாமதம்: கருந்துளையின் ஜெட்டை அளந்த கதை

கோவில்பட்டி பக்கம் எங்க கரிசக்காட்டுல, ஐப்பசியில களை வெட்டும்போது மின்னல் அடிச்சா ஆச்சி சொல்லும்: "எண்ணுலே!" இடிச் சத்தம் வர்ற வரைக்கும் எண்ணணும். மூணு விநாடின்னா மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்துல. எண்ணிக்கை குறைஞ்சா வீட்டுக்கு ஓட்டம்தான். கிட்டத்தட்ட இதே கணக்கைக் கருந்துளைக்கும் போட்டிருக்காங்க.

வைகாசி நடுராத்திரியில தெற்கே விருச்சிகத்தைப் பாருங்க. அந்தத் தேளோட வாலுக்குக் கொஞ்சம் கீழே, 20,000 ஒளியாண்டுக்கும் அப்பால், ஜிஎக்ஸ் 339-4 இருக்கு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுக்கும் கருந்துளை அது. சுழன்று விழும் வாயு சூடாகி எக்ஸ்-கதிர் வீசும். கொஞ்சம் வாயு மட்டும் உள்ளே விழாமல் அசுர வேகத்தில் வெளியே பீய்ச்சியடிக்கும். அதுதான் ஜெட். அதில் காந்தப்புலத்தைச் சுற்றும் எலக்ட்ரான்கள் அகச்சிவப்பு ஒளி தரும்.

2008-ல் சிலியிலிருந்து விஎல்டி தொலைநோக்கி அகச்சிவப்பையும், ஆர்எக்ஸ்டிஇ செயற்கைக்கோள் எக்ஸ்-கதிரையும் ஒரே நேரத்துல அளந்தன. ரெண்டும் துடிச்சது. ஆனா அகச்சிவப்பு 0.1 விநாடி பிந்தி வந்தது.

மின்னலும் இடியும் ஒண்ணாக் கிளம்பும். இங்கே அப்படியில்லை. உள்ளே நடந்த ஏற்ற இறக்கம் ஜெட் வழியா நகர்ந்து போய்த்தான் ஒளிரும். 0.1 விநாடியில ஒளியே 30,000 கிலோமீட்டர்தான் போகும். அப்போ ஜெட் ஒளிரத் தொடங்குற இடமும் ஏறக்குறைய அந்தத் தூரத்துக்குள்ளதான். 2015-ல் பொங்கியெழுந்த வி404 சிக்னி கருந்துளையில், போஷக் காந்தி குழு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தப்பவும் அதே 0.1 விநாடி!

அவ்வளவு சின்ன இடத்தை எந்தத் தொலைநோக்கியும் படமாப் பிரிச்சுக் காட்டாது. தாமதம்தான் காட்டிக்கொடுத்தது.

அடுத்த மழைக்கு நீங்களும் எண்ணிப் பாருங்க. வீட்டுக்குள்ள இருந்து!