உஷார்! அளத்து வெயிலோடு வலி மாத்திரையா?

முத்தையாபுரம், வேப்பலோடை, ஆறுமுகநேரி அளங்களில் உப்பு வாருகிற அண்ணாச்சிமாரே, அக்காமாரே, உஷார்! இடுப்பு வலிக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று மெடிக்கலில் நீங்களாகவே வாங்கிப் போடுகிற மாத்திரை, வெயிலில் வற்றிய உடம்புக்குள் போனால் சிறுநீரகத்துக்கே வினையாகிவிடும்.

வீண் பீதி இல்லை இது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பரிசோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

தண்ணீர் வற்றினால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையும். உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் செல்கள் அடிபடும். உடனே நியூட்ரோஃபில், மேக்ரோபேஜ் என்கிற நோய் எதிர்ப்புச் செல்கள் ஓடிவரும். செத்த செல்களை விழுங்கிப் புண்ணை ஆற்றுவது அவற்றின் வேலை. என்றோ ஒருநாள் அடிபட்டால் ஆற்றிவிட்டு அடங்கிவிடும். தினம் தினம் அடிபட்டால்? அடங்க நேரமே கிடையாது. அழற்சி நிலைத்துவிடும், காப்பாற்ற வந்த மேக்ரோபேஜே தழும்பு படரத் தூண்டிவிடும். தழும்பேறிய இடம் பிறகு வடிகட்டாது. எல் சால்வடார், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயே இல்லாத இளவயதுக்காரர்கள் சிறுநீரகம் பழுதாகி மாண்டிருக்கிறார்கள். வெயில் வேலையும் நீர் வற்றலும்தான் அங்கே முதல் சந்தேகம்.

இதன்மேல் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டால் இருக்கிற ரத்த ஓட்டமும் சுருங்கும். சிலருக்கு அந்த மருந்தையே பகையென்று எண்ணி டி செல்கள் சிறுநீரகத்துக்குள் புகுந்து அழற்சியை மூட்டிவிடும்.

உடம்பு வற்றாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் ஒதுங்க மறைவிடம் இல்லாமல் தண்ணீரையே தவிர்க்கும் பெண்களிடம் 'நிறையக் குடியுங்கள்' என்று மட்டும் சொல்வது அநியாயம். அளத்தில் கழிப்பறையும் நிழலும் குடிநீரும் தரவேண்டியது முதலாளிகளின் கடமை. கேட்டு வாங்குங்கள்.

சிறுநீரகம் கெடும்போது ஆரம்பத்தில் வலியே இருக்காது. சிறுநீர் நுரைத்தாலோ, டிக்காஷன் நிறத்தில் போனாலோ, கால் வீங்கினாலோ டாக்டரைப் பார்ப்பதை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வலிக்கு மருந்து வேண்டுமென்றால் டாக்டரிடம் 'அளத்து வேலை' என்று சொல்லிக் கேளுங்கள். இந்த அறிகுறி ஒன்றும் தெரியாவிட்டாலும் அரசு மருத்துவமனைக்குப் போய், ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.