பூ பதியும், நிறம் தங்குமா?
(சாயமும் சாயலும் – 9)

சென்ற வாரம் பார்த்த சாயவேரை ஒருமுறை நினைவில் கொள்ளுங்கள். சோழமண்டலக் கரையில் துணியில் பூ எழுதியவர்களைச் சுற்றிச் செம்பருத்திக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் சிவப்புக்காக அவர்கள் மண்ணைத் தோண்டி ஒரு செடியின் வேரைத்தான் எடுத்தார்கள். கடுக்காயும் படிகாரமும் ஏறிய நூலில் அந்த வேரின் சிவப்பு இறுகப் பிடித்ததால்தான், 18ஆம் நூற்றாண்டுத் துணிகள் அருங்காட்சியகங்களில் இன்றும் சிவந்திருக்கின்றன. இன்று கைவினை வகுப்புகளில் புதுப் பூவைத் துணியில் கவிழ்த்து, மேலே தாள் போட்டுச் சுத்தியலால் தட்டச் சொல்லித்தருகிறார்கள். சாறு இறங்கி இதழின் வடிவம் அழகாகவே விழுகிறது. ஆனால் அதற்கு ‘இயற்கைச் சாயம்’ என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை அச்சு என்பதே பொருந்தும். அதன் மதிப்பு வடிவத்தில் இருக்கிறது, நிறம் உபரி.

செம்பருத்திக்கும் சங்குப்பூவுக்கும் நிறம் தருவது ஆந்தோசயனின். அது நீரில் கரையும், வெயிலில் வெளுக்கும், புளிப்பும் காரமும் பட்டால் குணம் மாறும். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிறது. சோப்புத் தண்ணீர் பட்டால் பச்சைக்கு நகர்கிறது. செம்பருத்தியின் சிவப்போ துணியில் விழுந்ததும் ஊதாவாகிவிடுவதுண்டு. ஒரு சலவையைத் தாங்காததைச் சாயம் என்றால் பழைய சாயக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

படிகாரம் ஏற்றிய துணியில் தட்டினால் நிற்குமே என்பார்கள். சில பூக்களுக்கு அது உண்மைதான். துலுக்கச் சாமந்தியின் மஞ்சளில் உள்ள ஃபிளேவனாய்டுகள் படிகாரத்தின் அலுமினியத்தைப் பற்றிக்கொள்ளும். பருத்தியைவிடப் பட்டில் இன்னும் நன்றாக நிற்கும். ஆந்தோசயனினும் அலுமினியத்தோடு சேரத்தான் செய்கிறது, ஆனால் அந்தப் பிடிப்பு வெயிலுக்கு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே படிகாரம் எல்லாப் பூவையும் காப்பாற்றிவிடாது. காகிதத்தின் கதை கொஞ்சம் வேறு. அதற்குச் சலவை கிடையாது. மூடிய ஏட்டுக்குள் வெளிச்சமும் குறைவு. நிறம் அங்கே கூடுதல் காலம் தாங்கும். சுவரில் மாட்டினால் அந்தச் சலுகையும் போயிற்று.

செடியை அச்சாக்கியவர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. லியோனார்டோ டாவின்சியின் குறிப்பேட்டில் ஓர் இலையின் பதிவு இருக்கிறது. இலைமேல் வேறு நிறம் பூசி அழுத்தியது அது. 1730களில் பெஞ்சமின் பிராங்க்ளின் காகிதப் பணத்தில் இலையின் உருவை அச்சிட்டார். நரம்புகளின் பின்னலைக் கள்ள நோட்டுக்காரன் கையால் வரைய முடியாது என்பது அவர் கணக்கு. வியன்னா அரசு அச்சகத்தின் அலோயிஸ் ஆயர் 1852இல் காப்புரிமை பெற்ற முறையில், செடியை ஈயத்தகட்டில் அழுத்தி, அந்தப் பள்ளத்திலிருந்து அச்சுத்தகடு எடுத்தார்கள். அன்னா அட்கின்ஸ் 1843இல் கடற்பாசிகளை வெயிலில் வைத்துப் பதித்தபோது தாள் முழுக்க ஒரே நீலம். இவர்களில் யாருமே செடியின் சொந்த நிறத்தை நம்பவில்லை. ஒரு நரம்பைக்கூட விட்டுவிடவும் இல்லை.

மங்குவதுதானே அழகு, பூ வாடாதா என்று இன்னொரு கட்சி உண்டு. தனக்கென்று நாட்குறிப்பில் பதித்துக்கொள்பவருக்கு அது முழு நியாயம். காசு கொடுத்துத் துப்பட்டா வாங்கும் பெண்ணிடம் அதைச் சொல்லி விற்கிறார்களா என்பதே கேள்வி. நிலைக்க வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. துவர்ப்பு மிகுந்த இலைகளை எடுத்து, இரும்புநீர் ஏற்றிய துணியில் தட்டலாம். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கரும்பழுப்பாக இறுகும். பச்சை போய்விடும்; ஆனால் விளிம்பின் பல் வரிசைவரை துணியில் நிற்கும். பூ விற்கும் அளவுக்கு இது விற்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயரின் முறையை வியன்னாவில் கற்ற ஹென்றி பிராட்பரி, லண்டன் திரும்பி 1853இல் தன் பெயரிலேயே காப்புரிமை வாங்கியதும், ஆயர் வெகுண்டதும் அடுத்த வாரம்.