எட்டு மணி நேரம் லைட் போட்டும் காலி நாற்காலி!

கட்டின ஃபீஸைத் திருப்பித் தர முடியாது என்று லண்டனில் ஒரு கல்லூரி கைவிரித்ததால் உலகத்துக்கு ஒரு நிருபர் கிடைத்த கதை தெரியுமா? இதழியல் படிக்கச் சேர்ந்த தங்கை, மூன்றே மாதத்தில் 'நமக்கு இது ஒத்துவராது' என்று கழன்றுகொண்டார். ஐயோ, பணம் போச்சே! 'சரி, அவள் இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்' என்று கிளம்பினார் அக்கா. அந்த அக்காதான் கிறிஸ்டியன் அமன்பூர்.

அப்பா இரானியர், அம்மா இங்கிலாந்துக்காரர், வளர்ந்தது தெஹ்ரானில். அமெரிக்காவில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு 1983-ல் அட்லாண்டாவில் சி.என்.என். வேலைக்கு வந்து இறங்கியபோது கையிருப்பு: ஒரு பெட்டி, ஒரு சைக்கிள், சுமார் நூறு டாலர். சேனலுக்கே அப்போது மூன்று வயதுதான். '24 மணி நேரமும் நியூஸா?' என்று சிரித்தவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் சிக்கன் நூடுல் நியூஸ்! அந்த நூடுல்ஸ் கடையில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் எடுபிடி வேலை. காபி வாங்கி வருவதும் அதில் அடக்கம். வாயில் நுழையாத பெயர், கறுப்பு முடி, வேற்று உச்சரிப்பு, இதெல்லாம் திரைக்கு ஆகாது என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

1990-ல் இராக் குவைத்துக்குள் நுழைந்தபோது, அதே அமன்பூர் நிருபராகக் களத்தில் இருந்தார். வளைகுடாவில் தொடங்கிய ஓட்டம் அவரைப் போர் நடந்த போஸ்னியாவின் தலைநகர் சராயேவோவில் கொண்டுபோய் விட்டது. அங்கே நிருபர்கள் தங்கிய ஹாலிடே இன் ஓட்டலை எட்டிப் பார்ப்போமா? 1984 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய மஞ்சள் கட்டடம். முன்வாசல் இருக்கிறது, ஆனால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. எதிரே ஸ்னைப்பர்! காரை அழுத்தி மிதித்து வந்து, அதே வேகத்தில் பின்பக்கம் பாதாள பார்க்கிங்கில் சர்ரென்று இறக்க வேண்டும். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட். 'ரோட்டைப் பார்த்த மாதிரி ரூம் கொடுங்க' என்று நாம் லாட்ஜில் கேட்போமே, அங்கே கேட்டால் கதை முடிந்தது.

கேமராவுக்குப் பின்னால் சி.என்.என். ஒளிப்பதிவாளர் மார்கரெட் மோத். 1992-ல் அதே ஊரில் தாடையில் குண்டு பாய்ந்து, ஆபரேஷன் மேல் ஆபரேஷன். ஓரளவு தேறியதும் மறுபடி சராயேவோவுக்கே வந்து நின்றார். ஏன் என்று கேட்டால், விழுந்த பல்லைத் தேடி வந்தேன் என்பாராம். செய்தியில் இந்த மனுஷியின் முகத்தை நாம் பெரும்பாலும் பார்த்ததில்லை.

1994 மே 3. அட்லாண்டாவில் அமெரிக்க அதிபர் கிளின்டன் நேரலையில். சராயேவோவிலிருந்து சாட்டிலைட் வழியே அமன்பூர். பேச்சு 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்கிவர வேண்டும். லைவில் இரண்டு பக்கமும் ஒரு கணம் பொம்மை மாதிரி முழிப்பது அதனால்தான். போஸ்னியா விஷயத்தில் மாற்றி மாற்றிப் பேசுகிறீர்களே என்று போட்டார் ஒரு போடு. கிளின்டன் முகம் கடுத்துப்போனது. அப்படி எதுவும் இல்லை, மேடம் என்று வெட்டினார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி! 2002-ல் ரமல்லாவில் முற்றுகைக்குள் இருந்த பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தோ, தொலைபேசிப் பேட்டியின் நடுவிலேயே போனை வைத்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 2022 செப்டம்பர், நியூயார்க். ஹிஜாப் சரியாக அணியவில்லை என்று போலீஸ் பிடித்துச் சென்ற இளம்பெண் மாஹ்ஸா அமினியின் மரணத்தால் இரான் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். அதிபர் ரைசியின் பேட்டிக்குப் பல வாரத் திட்டம். லைட், கேமரா, மொழிபெயர்ப்புக் கருவி என்று எட்டு மணி நேர வேலை. எல்லாம் ரெடி. உட்கார வேண்டியவரைத்தான் காணோம். குறித்த நேரம் தாண்டி நாற்பது நிமிடம் கழித்து உதவியாளர் ஒருவர் வந்தார். புனித மாதங்களான முஹர்ரம், ஸஃபர் என்பதால் தலையில் துணி போட்டுக்கொள்ளச் சொல்கிறார் அதிபர் என்றார். இது நியூயார்க், இங்கே அப்படிச் சட்டம் இல்லை, இரானுக்கு வெளியே முந்தைய அதிபர்கள் யாரும் கேட்டதில்லை என்றார் அமன்பூர். பேட்டி கேன்சல்.

தலையில் எதுவும் போடாமல், காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் போட்டோவை அவர் வெளியிட்டார். அன்று உலகமெங்கும் செய்தி அதுதான்.