கடலடிக்கு ஒரு சுவிட்ச்

ஜெர்மனியின் பிரேமென் நகரில் ஓர் ஆய்வாளர் கணினியில் கட்டளை ஒன்றைத் தட்டுகிறார். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பார்க்லி என்ற கடலடிப் பள்ளத்தாக்கில், சுமார் 870 மீட்டர் ஆழத்தில் ஒரு சின்ன வண்டி சங்கிலிப் பட்டைகளை உருட்டிக்கொண்டு நகர்கிறது. அதன் பெயர் வாலி. கடல்தரையில் துருத்திக்கொண்டிருக்கும் மீத்தேன் பனித் திட்டுகளைச் சுற்றிவந்து, அங்கே கசியும் வாயுவையும் நீரோட்டத்தையும் அளப்பது அதன் வேலை.

செவ்வாயில் ஓடும் ரோவர் நினைவுக்கு வரலாம். செவ்வாயோடு ரேடியோ அலையில் பேசிவிடலாம். கடலுக்குள் அது நடக்காது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ரேடியோ அலையை விழுங்கிவிடும். கைப்பேசி அலை சில சாண் ஆழம்கூட இறங்காது. ஆகவே ஆழ்கடலோடு பேச இரண்டே வழிகள்: கேபிள் போடலாம், இல்லையேல் ஒலியை அனுப்பலாம்.

வாலிக்குக் கிடைத்தது கேபிள். வான்கூவர் தீவிலுள்ள போர்ட் ஆல்பெர்னி ஊரில் புறப்பட்டு, கடலடியில் சுமார் 800 கிலோமீட்டர் வளையமிட்டு, அதே ஊருக்குத் திரும்புகிறது நெப்டியூன் என்ற கேபிள். விக்டோரியா பல்கலைக்கழகத்தின் முயற்சியான இது 2009 டிசம்பரில் தரவு அனுப்பத் தொடங்கியது. வளையத்தில் ஓரிடம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகத் தரவும் மின்சாரமும் போய்ச் சேரும். உள்ளே கண்ணாடி இழைகள்; கூடவே கரையிலிருந்து 10,000 வோல்ட் வரை நேர்மின்சாரம். கடலடிக் கணுக்களில் அது 400 வோல்ட்டாக இறங்கி, கிளைப் பெட்டிகளுக்குப் போய், கருவிகளுக்குத் தேவையான அளவுக்கு மேலும் குறைகிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு வியப்பூட்டுவது வண்டியோ கேமராவோ அல்ல. அந்தக் கிளைப் பெட்டிகளிலுள்ள சுவிட்சுகள்தான். ஆழ்கடலில் நீர் புகாமல் அடைக்கும் எந்த ரப்பர் வளையமும் என்றாவது ஒருநாள் விட்டுக்கொடுக்கும். 870 மீட்டரில் நீரின் அழுத்தம், மேலே நம்மை அழுத்தும் காற்றைப்போல ஏறத்தாழ 87 மடங்கு. ஊசிமுனைத் துளை போதும், உப்புநீர் புகுந்து மின்கசிவு தொடங்கிவிடும். கசிவு நீடித்தால் இணைப்பி அரித்துப் போகும், அடுத்த கருவிக்கும் ஆபத்து. அதனால் ஒவ்வொரு கருவிக்கும் போகும் மின்னோட்டத்தையும் கசிவையும் கரையிலிருந்தே கண்காணிக்கிறார்கள். அளவு மீறினால் அந்த ஒரு கருவியின் இணைப்பை மட்டும் துண்டிக்கலாம். நம் வீட்டில் மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபி செய்யும் வேலையேதான். வித்தியாசம் ஒன்று: ரிப்பேருக்குக் கப்பலும், நீருக்கடியிலேயே பிளக்கைக் கழற்றி மாட்டும் ரோபோவும் வரவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதுவரை மற்ற கருவிகளைக் காப்பாற்றுவது அந்தச் சுவிட்ச்தான்.

விளக்குகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. நிரந்தர இருட்டில் வாழும் உயிர்களை ஓயாத வெளிச்சம் குலைத்துவிடும் என்பதால், கேமரா விளக்குகளை அளவாகவே எரியவிடுகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்திலும் சில அதிசயங்கள் சிக்கியிருக்கின்றன. 2013 ஜனவரியில், உக்ரைனில் வீட்டிலிருந்தபடியே இந்தக் கேமராக்களின் இணைய ஒளிபரப்பைப் பார்த்த ஒரு பள்ளிச் சிறுவன், விலாங்கு போன்ற ஹேக்மீன் ஒன்றை மீசையுள்ள ஏதோ ஒரு மூஞ்சி உறிஞ்சி விழுங்குவதைக் கண்டு விஞ்ஞானிகளுக்கு எழுதினான். அது யானைச் சீல். ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் அதன் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துவிட்டான் பையன்!

எல்லாமே பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இந்தக் கேபிளோடு இணைந்த நீரடி ஒலிவாங்கிகளுக்குத் திமிங்கிலமும் நீர்மூழ்கிக் கப்பலும் ஒன்றுதான். ஆகவே தேவைப்படும்போது கனடா கடற்படை அந்த ஒலித்தரவைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது.

கேபிள் எட்டாத இடங்களில் ஒலிதான் கதி. நம் வங்காள விரிகுடாவில் சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் நிறுவிய சுனாமி மிதவைகள் இந்த வகை. கடல்தரையில் அழுத்தமானி, மேலே மிதவை, இடையே ஒலி மோடம். மிதவையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு. ஒலி நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 3,000 மீட்டர் ஆழத்துக்கு இரண்டு நொடி. படம் அனுப்ப அந்த வழி தாங்காது, எண்களைத்தான் அனுப்பலாம். சக்தியும் பேட்டரிதான். எனவே இந்த வகைக் கருவிகள் சாதாரண நாளில் சிக்கனமாகப் பேசும். மேலேயுள்ள நீர்மட்டம் எதிர்பார்த்ததிலிருந்து 3 சென்டிமீட்டர் அளவுக்கு விலகினால் தானே விழித்துக்கொண்டு அடிக்கடி தகவல் அனுப்பும். மேலே மூன்று கிலோமீட்டர் தண்ணீர் இருக்க, 3 சென்டிமீட்டரை அது பிரித்தறிவது சாதாரண காரியமல்ல.

கரையிலிருந்து பார்க்க முடியாதவையும் இருக்கின்றன. ஜெர்மனியின் பால்டிக் கரையருகே, 22 மீட்டர் ஆழத்திலிருந்த போக்னிஸ் எக் நிலையத்திலிருந்து 2019 ஆகஸ்ட் 21 மாலை தரவு நின்றது. இணைப்புக் கோளாறு என்றே முதலில் எண்ணினார்கள். முக்குளிப்போர் இறங்கிப் பார்த்தபோது கிழிந்த கேபிள் நுனி மட்டுமே இருந்தது. 250 கிலோவும் 100 கிலோவும் எடையுள்ள, நிலையத்தின் இரண்டு கருவிச் சட்டங்கள் இருந்த இடம் காலி.

நம் மிதவைகளுக்கு வரும் சோதனை வேறு மாதிரி. மிதவையைச் சுற்றி மீன் கூடும். மீன் கூடினால் படகும் வரும். படகைக் கட்டுவதாலும் வலை சிக்குவதாலும் கருவிகள் சேதப்படுகின்றன. இதைக் கட்டளை அனுப்பிச் சரிசெய்ய வழியில்லை என்பதால், கழகத்தினர் மீனவர்களை நேரில் சந்தித்து, இது எதற்கு மிதக்கிறது என்று விளக்கி வருகிறார்கள்.