தலைக்கு ஐந்து டாலர்... யாருக்குச் சேரும்?

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவானால் பல வீடுகளில் சாப்பாட்டு மேஜையே போக்கர் மேஜையாகிவிடும். பத்துப் பேர், ஆளுக்கு 20 டாலர், நடுவில் பீட்சா. சிரிப்பும் கேலியுமாகப் போகும் ஆட்டத்தில் திடீரென்று குரல்கள் உயரும். விசாரித்தால், சண்டை வெறும் ஐந்து டாலருக்காக இருக்கும்!

அந்த ஐந்து டாலருக்குப் பெயர் 'பவுன்டி'. ஒருவரை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றுபவருக்குக் கிடைக்கும் தலைக் காசு. 20 டாலரில் 15 பரிசுத் தொகைக்குப் போகும். மீதி 5 டாலருக்கு ஆளுக்கொரு தனி நிற டோக்கன். நீங்கள் 'அவுட்' ஆனால், உங்களை வீழ்த்தியவரிடம் அதைக் கொடுத்துவிட்டு எழ வேண்டும். கடைசிவரை நின்று ஜெயித்தவரின் டோக்கன் அவருக்கே சொந்தம்.

பெரிய போட்டிகளிலும் இதற்குத் தனி மவுசு உண்டு. 2022-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரில், ஒரே ஒரு தலைக்கு 10 லட்சம் டாலர் பவுன்டி கிடைத்தது. அங்கே தீர்ப்புச் சொல்ல நடுவர் இருப்பார். வீட்டில்?

வீழ்த்தியது யார்?

இப்படி வைத்துக்கொள்வோம். மாமனாரிடம் 500 சில்லுகள், மாப்பிள்ளையிடம் 2,000, பக்கத்து வீட்டுக்காரரிடம் 3,000. மூவரும் 'ஆல்-இன்'. ஆளுக்கு 500 சேர்ந்து முதன்மைப் பானை 1,500. மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டுக்காரரும் மேற்கொண்டு வைத்த 1,500, 1,500 சேர்ந்து பக்கப் பானை 3,000. பக்கத்து வீட்டுக்காரரின் மிச்சம் 1,000 அவரிடமே திரும்பிவிடும்.

சீட்டைத் திறந்தால் மாமனாருடையதுதான் உசத்தி. அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். மாப்பிள்ளை அவுட்! "என் சீட்டுதானே பெரியது? டோக்கனைக் கொடுங்க மாப்பிள்ளை" என்பார் மாமனார்.

ஆனால், டோக்கன் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான். மாப்பிள்ளையின் முதல் 500 மட்டுமே மாமனாருக்குப் போனது. கடைசிச் சில்லுகள் இருந்தது பக்கப் பானையில். அதை ஜெயித்தவர் பக்கத்து வீட்டுக்காரர். 'கடைசிச் சில்லு யாரிடம் போகிறதோ, அவருக்கே பவுன்டி' என்ற ஒரே விதி பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும்.

முன்கூட்டியே பேசிவிடுங்கள்

• இருவர் சமமாக ஜெயித்துப் பானையைப் பிரித்துக்கொண்டால் பவுன்டியும் சரிபாதி. சில்லறைத் தொல்லை வேண்டாமென்றால் பவுன்டியை 4 அல்லது 6 டாலராக வையுங்கள்.

• தோற்றவர் மறுபடி பணம் கட்டி உள்ளே வரலாம் என்றால், ஒவ்வொரு முறையும் புது டோக்கன் வாங்க வேண்டும். இல்லாவிட்டால், அடுத்து அவரை வீழ்த்துபவருக்கு வெறுங்கைதான்.

• குழந்தை அழுகிறது என்று ஒருவர் பாதியில் கிளம்பினால்? அவர் டோக்கன் பரிசுத் தொகையில் சேருமா, அவரது கடைசிச் சில்லை எடுப்பவருக்கா? எதுவானாலும் சரி, முதல் சீட்டு போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

• கணவன் மனைவி, அண்ணன் தம்பி ஒரே மேஜையில் இருந்தால், வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து டோக்கன் வாங்கித் தரக் கூடாது. மற்றவர்களுக்கு அது துரோகம்.

• பவுன்டியை நுழைவுத் தொகையில் கால் பங்கோடு நிறுத்துங்கள். அதிகமானால், சில்லு குறைந்தவர்மேல் எல்லோரும் பாய்வார்கள். பாவம், அவருக்கு மிரட்டிப் பார்க்கக்கூட வழியிருக்காது.

இந்த விதிகளை ஒரு தாளில் எழுதி மேஜையருகே ஒட்டிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே விதி சொன்னால், சொல்பவருக்குச் சாதகமாகத்தான் தெரியும்.

சட்டமும் முக்கியம்!

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டெக்சாஸில் தனி இடத்தில் ஆடலாம்; ஆனால், ஆட்டத்தில் ஜெயிப்பதைத் தவிர யாரும் வேறு லாபம் பார்க்கக் கூடாது, ஜெயிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும். எனவே வீட்டுக்காரர் பானையிலிருந்து 'கமிஷன்' எடுப்பது ஆபத்து.

நம்மூரில் பணம் வைத்து ஆடினால் சட்டச் சிக்கல் வரலாம். அதனாலென்ன? தலைக்கு ஒரு கடலை மிட்டாய் வைத்து ஆடிப் பாருங்கள். விதி தெளிவாக இருந்தால், தோற்றவரும் அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வருவார்!