இஸ்தான்புல்லில் ஐந்து நாள்: மசாலாச் சந்தையும் கசகசா கணக்கும்

நம் கடைகளில் ஐம்பது கிராம், நூறு கிராம் என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கசகசா எங்கே விளைகிறது என்று வாடிக்கையாளர் கேட்டால், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் என்று சொல்லி விடுகிறோம். அது பாதி உண்மைதான். நம் நாட்டுக்கு இறக்குமதியாகி வந்த கசகசாவில் பல ஆண்டுகளாகப் பெரும் பங்கு துருக்கி நாட்டுச் சரக்கு. அந்த நாட்டின் பெரிய நகரமான இஸ்தான்புல்லுக்கு 2024 அக்டோபரில் நாம் குடும்பத்துடன் ஐந்து நாள் போய் வந்தோம். மகன், மருமகள், பேரன், நம் வீட்டுக்காரம்மா என ஐந்து பேர். அவர்கள் ஊர் பார்க்க வந்தார்கள், நாமும் பார்த்தோம். ஆனால் நாற்பது ஆண்டு மண்டியில் உட்கார்ந்த கண் எதைத் தேடும் என்பது வணிகப் பெருமக்களுக்குத் தெரியாததல்ல.

2025 மே மாதத்தில் அரசியல் காரணங்களால் நம் நாட்டு வணிக அமைப்புகள் பலவும் துருக்கிப் பொருள்களைப் புறக்கணிப்பதாக அறிவித்தன. அரசுகளுக்கு இடையே உள்ள வழக்கைப் பற்றி எழுத நாம் தகுதியுடையவரல்லர். அங்கே உள்ள கடைக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதலில் ஊரைப் பற்றி. போஸ்பரஸ் என்னும் கடல் நீரிணை நகரை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரை ஐரோப்பா, மறு கரை ஆசியா. எமினோனு படகுத்துறையில் ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் ஆசியக் கரையில் உள்ள கடிகோய் போய்ச் சேரலாம். பயண அட்டையைத் தட்டிவிட்டு ஏறுகிற சாதாரண நகரப் படகுதான். சுற்றுலாப் படகுக்காரர்கள் துறையில் நின்று கூவி அழைப்பார்கள். அவர்களிடம் போக வேண்டிய அவசியமில்லை. படகிலேயே தேநீர் விற்கிறார்கள். இடுப்புச் சிறுத்த சிறு கண்ணாடிக் குவளை, பால் கிடையாது, இரண்டு சர்க்கரைக் கட்டி. எள் ஒட்டிய வளைய ரொட்டியை ‘சிமித்’ என்கிறார்கள். பேரன் அதில் பாதியைக் கடற்பறவைகளுக்கே பிய்த்துப் போட்டான்.

ஹாகியா சோபியா கி.பி. 537-இல் தேவாலயமாகக் கட்டி முடிந்தது. 1453-க்குப் பின் மசூதி. 1935 முதல் அருங்காட்சியகம். 2020 ஜூலையில் மீண்டும் மசூதி. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல் மாடம் மட்டும்தான், கட்டணம் 25 யூரோ. ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். எதிரே உள்ள நீல மசூதிக்குக் கட்டணமில்லை. பக்கத்தில் தரைக்கு அடியில் 336 தூண்களுடன் ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் நகருக்குத் தண்ணீர் தேக்கி வைத்த இடம். நமக்குப் பிடித்தது அதுதான்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். எமினோனுவில் புதிய மசூதிக்குப் பக்கத்தில் இருப்பது ‘மிஸிர் சார்ஷிஸி’, அதாவது எகிப்துச் சந்தை. எகிப்திலிருந்து வந்த வருவாயைக் கொண்டு கட்டியதால் அந்தப் பெயர் என்கிறார்கள். 1660-களில் மசூதியோடு சேர்த்துக் கட்டினார்கள். கடை வாடகை மசூதியின் பராமரிப்புக்குப் போனது. நம் ஊரில் கோயிலுக்குச் சொந்தமான கடைகளில் வாடகை கொடுத்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது புதிதாக இராது. கூரை வேய்ந்த நீண்ட கட்டடம், ‘எல்’ எழுத்து வடிவம்.

உள்ளே மஞ்சள், மிளகு, சீரகம், சுமாக் என்கிற புளிப்புத் தூள், உலர்ந்த அத்தி, மலாத்தியா ஊர் ஆப்ரிகாட், ஆன்டெப் பிஸ்தா எல்லாம் கோபுரம் கோபுரமாகக் குவித்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டுத் திறந்து கிடக்கும் மசாலாவில் மணம் எத்தனை நாள் நிற்கும் என்று நமக்குத் தெரியும். நல்ல கடைக்காரர் குவியலைக் காட்சிக்கு வைத்துவிட்டு, விற்பதற்கு உள்ளேயிருந்து மூடிய டப்பாவைத் திறக்கிறார். வாங்கியதைக் காற்று நீக்கிப் பொட்டலமாக ஒட்டியும் தருகிறார். அப்படிச் செய்கிறவரிடம் வாங்கலாம்.

மிளகாய் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உர்ஃபா பகுதியில் ‘இசோட்’ என்று ஒரு மிளகாய். பகலில் வெயிலில் காயப்போட்டு, இரவில் போர்த்தி மூடி வேர்க்க விடுகிறார்கள். அதனால் நிறம் கறுத்து, காரம் தணிந்து, உலர்ந்த திராட்சை போன்ற ஒரு வாசனை ஏறுகிறது. நம்மிடம் நிறம் கறுத்த வற்றல் என்றால் கழிவு விலை. அங்கே அது தனி ரகம். பக்குவத்தால் வரும் கறுப்பு வேறு, ஈரம் பிடித்து வரும் கறுப்பு வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

குங்குமப்பூவில்தான் ஏமாற்று அதிகம். ‘துருக்கிக் குங்குமப்பூ’ என்று மலிவாகக் கொடுப்பது பெரும்பாலும் குசும்பாப் பூவின் இதழ். அசல் குங்குமப்பூ இழையின் நுனி ஊதுகுழல் போல் விரிந்திருக்கும். தண்ணீரில் போட்டால் மெதுவாகப் பொன்னிறம் இறங்கும், இழை சிவப்பாகவே நிற்கும். இந்தச் சரக்கு நம் ஊர்க் கடைகளுக்கும் வருகிறது. தெரிந்தே விற்றால் அந்த வாடிக்கையாளர் மறுபடி நம் கடைப் படி ஏற மாட்டார்.

சந்தைக்குப் பின்புறம் தஹ்தகலே என்னும் பகுதி. நெரிசல், தலைச்சுமை, தள்ளுவண்டி. மொத்தக் கடைகள் அங்கேதான். உள்ளூர்க்காரர் வாங்குவதும் அங்கேதான். முனையில் 1871 முதல் நடக்கும் ஒரு காப்பித் தூள் கடையில் காலையிலேயே வரிசை நிற்கிறது. வறுத்த மணம் தெருவெல்லாம் வீசுவதால் அவர்களுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை.

பண வீக்கம் அங்கே பெரிய சோதனை. 2022 அக்டோபரில் அரசுக் கணக்குப்படியே ஆண்டு விலைவாசி ஏற்றம் 85 சதவீதம். 2024 மே மாதம் 75 சதவீதம். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏழரை லிரா அளவில் இருந்தது. நாம் போனபோது 34 லிரா. பருப்பும் கொட்டையும் விற்கும் ஒரு கடைக்காரர், நம் வயதுக்காரர், தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். அவர் மகன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். "விற்ற பணத்துக்கு அதே எடைச் சரக்கைத் திரும்ப வாங்க முடிந்தால்தான் அது வியாபாரம். லாபக் கணக்கை லிராவில் பார்த்தவர்கள் பலர் கடையை மூடிவிட்டார்கள்" என்றார். வாங்கிய விலையின் மேல் சதவீதம் வைக்காமல், நாளைக்கு வாங்கப் போகும் விலையின் மேல் வைக்கிறார்; தெரிந்தவர்களுக்குக் கூட நீண்ட கடன் கிடையாது. நம்மிடமும் ஏலக்காய், மிளகு விலை தாறுமாறாக ஓடும் மாதங்களில் பழைய கொள்முதலை வைத்தே விற்று, மறு கொள்முதலுக்குக் கைப்பணம் போட்டவர்கள் எத்தனை பேர் என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாட்டுக்குச் சிரமப்படவில்லை. மைசூர்ப் பருப்பைக் கரைத்து எலுமிச்சை பிழிந்து தரும் ‘மெர்ஜிமெக்’ சூப் எந்தக் கடையிலும் உண்டு. ‘அய்ரான்’ நம் உப்பு மோர்தான், கொஞ்சம் கெட்டி. கொண்டைக்கடலைச் சோறு தள்ளுவண்டியில் கிடைக்கிறது. கடிகோய் சந்தையில் ஊறுகாய்த் தண்ணீரைக் குவளையில் ஊற்றிக் குடிக்கிறார்கள். நம் வீட்டுக்காரம்மா இரண்டாவது குவளையும் கேட்டார். புளியில் காய்ச்சிய சர்பத்துக்கு ‘தெமிர்ஹிந்தி’ என்று பெயர். அரபியில் புளிக்கு இந்தியப் பேரீச்சை என்று பெயர். அதுதான் அங்கே இப்படித் திரிந்திருக்கிறது. தேங்காய்க்கும் ‘இந்தியக் கொட்டை’ என்றே பெயர்.

கசகசாவுக்கு வருவோம். அஃப்யோன் என்னும் மாவட்டத்தைச் சுற்றி இது விளைகிறது. அந்தப் பெயருக்கே அபின் என்றுதான் பொருள். 1971-இல் துருக்கி அரசு இந்தப் பயிரைத் தடை செய்து, 1974-இல் தடையை நீக்கியது. அதன்பின் காயைக் கீறிப் பால் எடுக்க அனுமதி இல்லை. காய் செடியிலேயே காய்ந்த பிறகு உடைத்து, கூட்டை அரசின் தானிய நிறுவனம் மருந்துத் தொழிற்சாலைக்காக எடுத்துக் கொள்கிறது; விதை விவசாயிக்கு. அந்த விதைதான் நம் குருமாவுக்கு வருகிறது. நீல நிறமும் மஞ்சளும் உண்டு. நம் நாட்டுக்கு வெள்ளை. நம் இறக்குமதியாளர் குவாலியரில் உள்ள மத்திய போதைப்பொருள் பணியகத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். சட்டப்படி விளைந்தது என்று விளைந்த நாட்டின் சான்றும் வேண்டும். இந்தப் பதிவு தாமதமானால் நம் மண்டியில் விலை ஏறுகிறது. பதுக்கல் மட்டுமே காரணமல்ல.

மருமகள் விலையைப் பார்த்து அரைக் கிலோ வாங்கலாமா என்றார். வேண்டாம் என்றோம். நாம் திரும்பியது துபாய் வழியாக. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். விமானம் மாறுகிற பயணியும் பிடிபடலாம். சவூதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் தடை உண்டு. வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைக்கு அனுப்ப என்று நம் கடையில் மசாலாச் சாமான் வாங்கும் தாய்மார்களுக்கு இது தெரியாது. பட்டியலில் கசகசா இருந்தால், வெளிநாட்டுக்கா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கசகசா சேர்த்து அரைத்த குருமாத் தூளுக்கும் இதையே சொல்லுங்கள். நம் மண்டியில் சிப்பம் போகும் கடைகளுக்கெல்லாம் பில்லோடு ஒரு சீட்டு வைத்து அனுப்பத் தொடங்கியிருக்கிறோம்.