சொல் சுருங்கச் செயல் பேசும்

கதை சொல்வதற்கு இரு வழிகள் உண்டு. நிகழ்ந்ததை வாயால் எடுத்துரைப்பது ஒன்று. நிகழ்வதைக் கண்முன் நிறுத்திக் காண்பவரே உணருமாறு விடுவது மற்றொன்று. திரைப்படம் இவ்விரண்டையும் செய்யவல்லது. ஆயினும், சண்டையும் துரத்தலும் மிகுந்த ஒரு படத்தில் பேச்சுக் குறைவாக இருப்பின், ‘இதில் கருத்தில்லை, வெறும் அடிதடி’ என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அவ்வாறு ஒதுக்கத்தக்க படங்கள் பல என்பதும் உண்மையே. ஆனால், பேச்சை வேண்டுமென்றே சுருக்கி, செயலையே மொழியாகக் கொண்ட படங்களின் மரபு ஒன்று உலகில் உண்டு. அம்மரபு எவ்வாறு இயங்குகிறது, கட்டுரை கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை இங்குக் காண்போம்.

பேச இயலாமையும் பேசாமையும்

திரைப்படம் பிறந்தபோது அதற்குக் குரல் இல்லை. 1903-இல் அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் எடுத்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ என்னும் படம் ஏறத்தாழ 12 நிமிடமே ஓடுவது. இரயில் கொள்ளை, தப்பியோட்டம், துரத்தல், துப்பாக்கிச் சண்டை ஆகிய அனைத்தையும் அது பேச்சின்றியே காட்டியது. 1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளிவந்த பின்னர்ப் படங்கள் பேசத் தொடங்கின. அதன்பின் மௌனத்தின் பொருளே மாறிவிட்டது. பேச இயலாதபோது பேசாதிருப்பது இயல்பு. பேச இயன்றும் பேசாதிருப்பதோ ஒரு முடிவு. முடிவு என்றால் அதற்குக் காரணமும் பொருளும் இருத்தல் வேண்டுமன்றோ?

தமிழ்ப் படம் வேறு வழியில் வளர்ந்தது. 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ தொடங்கி, நாடக மேடையின் பாட்டும் வசனமும் திரைக்கு வந்தன. 1952-இல் வந்த ‘பராசக்தி’யின் வசனங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தோர் பலர். இது குறையன்று, சொல்வன்மையும் ஒரு கலையே. எனினும், அக்கலையில் பழகிய செவிக்குச் சொல் சுருங்கிய கலை எளிதில் பிடிபடாது. அதனைத் தனியே பயிலல் வேண்டும்.

செயலே அறிமுகம்

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1961-இல் எடுத்த ‘யோஜிம்போ’ என்னும் படத்தை முதற்கண் நோக்குவோம். தலைவனற்ற வாள்வீரன் ஒருவன் வழி பிரியும் இடத்தில் நிற்கிறான். கிளையொன்றை எடுத்து மேலே எறிகிறான். அது விழுந்து காட்டிய திசையில் நடக்கிறான். இச்சிறு செயல் நமக்குக் கூறுவது யாது? அவனுக்கு வீடில்லை, ஆண்டையில்லை, போய்ச் சேர வேண்டிய இடமும் இல்லை, இவை பற்றிய கவலையும் இல்லை. ஒரு பக்க வசனம் செய்ய வேண்டிய வேலையை ஒரு கிளை செய்துவிட்டது.

அவன் ஊருக்குள் நுழைந்ததும், வெட்டுண்ட மனிதக் கையொன்றைக் கவ்விக்கொண்டு நாயொன்று தெருவில் ஓடிவருகிறது. அவ்வூரில் சட்டம் எந்நிலையில் இருக்கிறது என்பதை இனி யார் விளக்க வேண்டும்? பின்னர் ஒருவர் பெயரைக் கேட்கிறபோது, அவன் வெளியே தெரியும் மல்பெரித் தோட்டத்தைப் பார்த்து அதையே தன் பெயராகச் சொல்லிவிடுகிறான். உண்மைப் பெயர் இறுதிவரை நமக்குத் தெரிவதில்லை.

இக்கதையையே இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே 1964-இல் ‘ஏ பிஸ்ட்புல் ஆப் டாலர்ஸ்’ என எடுத்தார். இசைவு பெறாமல் எடுத்ததால் ஜப்பானியப் படநிறுவனமான தோஹோ வழக்குத் தொடுத்தது. பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. அப்படத்தின் நாயகர் கிளிண்ட் ஈஸ்ட்வுட், தமக்கென எழுதப்பட்டிருந்த வசனங்கள் மிகுதி என்று கருதி, அவற்றைக் குறைக்கும்படி தாமே வற்புறுத்தியதாகக் கூறியுள்ளார். நடிகர் தம் வசனத்தைத் தாமே வெட்டச் சொல்வது அரிது. தம்மைப் பற்றி விளக்காத மனிதனையே மக்கள் கூர்ந்து நோக்குவர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஓசையின் பணி

அதே லியோனே 1968-இல் எடுத்த ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்தின் தொடக்கம் இக்கலையின் சிறந்த பாடம். துப்பாக்கி ஏந்திய மூவர் ஒரு பாழ்நிலத்து இரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கின்றனர். பல நிமிடங்கள் பேச்சில்லை. பின்னணி இசையும் இல்லை. காற்றாலை கிறீச்சிடுகிறது. ஒருவனுடைய தொப்பியில் நீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது, அவன் நகரவில்லை. மற்றொருவன் தன் முகத்தில் ஊர்ந்த ஈயைத் துப்பாக்கிக் குழலுக்குள் அடைத்து, அதன் இரைச்சலைக் கேட்டு மகிழ்கிறான். காத்திருத்தல் இவர்களுக்குத் தொழில், கொடுமை இவர்களுக்குப் பொழுதுபோக்கு என்பது இவ்வோசைகளாலேயே விளங்கிவிடுகிறது.

வண்டி வந்து நின்று புறப்படுகிறது. அது நகர்ந்ததும் அப்பால் ஒருவன் நிற்கிறான். தனக்குக் குதிரை கொண்டுவந்தீர்களா என்று அவன் வினவ, ஒன்று குறைகிறதே என்னும் பொருள்பட அவர்கள் நகைக்கின்றனர். இல்லை, இரண்டு மிகுதி என்று அவன் விடையளிக்கிறான். நிற்பவை மூன்று குதிரைகள். இரண்டு மிகுதி என்றால், எஞ்சிய ஒன்று அவனுக்கு. வந்த மூவரும் திரும்பப்போவதில்லை. மிரட்டலும் தீர்ப்பும் ஒரு கழித்தல் கணக்கில் அடங்கிவிட்டன. அக்கணக்கைக் காண்பவரே போட்டுப் பார்க்க வேண்டியிருப்பதால், விடை அவர்தம் நெஞ்சில் ஆழப் பதிகிறது.

பொருள்கள் கூறும் செய்தி

பிரெஞ்சு இயக்குநர் ழான் பியேர் மெல்வில் 1967-இல் எடுத்த ‘லெ சாமுராய்’ கூலிக்குக் கொலை செய்பவன் ஒருவனின் கதை. அலென் டெலோன் அவ்வேடம் ஏற்றார். படம் தொடங்கி ஏறத்தாழ 10 நிமிடம் எவரும் பேசுவதில்லை. சாம்பல் நிற அறையில் அவன் படுத்திருக்கிறான். அவனுக்குத் துணை கூண்டில் இருக்கும் ஒரு சிறு பறவை மட்டுமே. பின்னர், அவன் இல்லாத நேரம் பார்த்துக் காவல்துறையினர் அறையில் ஒட்டுக்கேட்கும் கருவியை மறைத்துவைக்கின்றனர். அவன் திரும்பி வருகிறான். பறவை கலங்கித் துடிக்கிறது. கூண்டருகே இறகுகள் உதிர்ந்துகிடக்கின்றன. யாரோ வந்துபோனதை அவன் உணர்ந்து, தேடிக் கருவியைக் கண்டுபிடிக்கிறான்.

இது ஏன் பொருத்தமாக அமைகிறது? பறவையை இயக்குநர் முன்னரே நமக்குக் காட்டிவைத்தார். அப்போது அது அவனுடைய தனிமையின் அடையாளம். இப்போது அவனுடைய காவல். பேச்சைக் குறைப்பவர் பொருள்களை முன்கூட்டியே நட்டுவைக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். இறுதிக் காட்சியில் அவன் துப்பாக்கியை நீட்டக் காவலர் அவனைச் சுட்டு வீழ்த்துகின்றனர். பின்னரே அத்துப்பாக்கியில் குண்டே இல்லை என்பது தெரிகிறது. ஏன் அவ்வாறு வந்தான் என்பதை எவரும் விளக்குவதில்லை. படம் முழுவதையும் நினைந்து பார்த்து நாமே விடை காண வேண்டும்.

அரிய சொல்லின் மதிப்பு

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் மருத்துவராகப் பயின்று இயக்குநரான ஜார்ஜ் மில்லர் 2015-இல் ‘மேட் மேக்ஸ்: பியூரி ரோட்’ படத்தை வெளியிட்டார். ஏறத்தாழ 3,500 ஓவியங்களாக அக்கதை முதலில் வரையப்பட்டது. கதையோ மிக எளிது: பாலைநிலத்தில் ஒரு வழியே தப்பிப் போகின்றனர், அவ்வழியே திரும்பி வருகின்றனர். போவோருக்கு என்ன வேண்டும், தடுப்போர் யார் என்பது தெளிவாக இருப்பதால், விளக்கவுரை தேவைப்படவில்லை.

தொடக்கத்தில் நாயகனைக் கட்டிவைத்து, அவன் குருதியை வலிந்து பிறர்க்கு ஏற்றுகின்றனர். பியூரியோசா என்னும் வீராங்கனை பெயரைக் கேட்டபோதும் அவன் சொல்ல மறுக்கிறான். முடிவில் அவள் உயிர் பிரியும் நிலையில், அவன் தன் குருதியைத் தானே மனமுவந்து அவளுக்கு ஏற்றுகிறான். அப்போது தன் பெயரையும் சொல்கிறான். செயல் ஒன்றே, அன்று பறிக்கப்பட்டது, இன்று கொடுக்கப்பட்டது. படம் முழுதும் அவன் ஓயாது பேசியிருந்தால் அப்பெயருக்கு இவ்வளவு கனம் வந்திராது. சிக்கனம் செய்தவனிடமே கொடுக்கும் பொருள் இருக்கும்.

எல்லையும் உண்டு

மௌனமெல்லாம் ஆழம் ஆகிவிடாது. நோக்கம் இல்லாத பாத்திரம் வாய்மூடி நின்றால், அது வெறுமையேயன்றிச் சிக்கனம் ஆகாது. அறத்தை ஆராயும் கதைக்கும், வாதத்தால் வளரும் கதைக்கும் பேச்சு இன்றியமையாதது. எதனைக் காட்ட இயலுமோ அதனைச் சொல்லாதிருத்தலும், எதனைக் காட்ட இயலாதோ அதனை மட்டும் சொல்லுதலுமே இக்கலையின் நெறி. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியத்தில் அதற்கென ஓர் இயலே உண்டு. ஆகவே இந்நெறி நமக்கு அயலானதன்று.

வகுப்பறையில்

வன்முறை மிகுந்த இப்படங்களை மாணவர்க்குக் காட்ட வேண்டுவதில்லை. அவற்றின் நெறியை மட்டும் கொண்டுசெல்லலாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இவ்வாறு ஒரு பயிற்சி தருக: ‘வேலை இழந்த தந்தை வீடு திரும்புகிறார். வருத்தம், துன்பம், கண்ணீர் ஆகிய சொற்கள் வாராமல் பத்து வாக்கியங்களில் எழுதுக. ஒருவர் ஒருமுறை மட்டுமே பேசலாம்.’ முதலில் மாணவர் திகைப்பர். பின்னர் ஒரு பிள்ளை எழுதக்கூடும்: தந்தை உணவுத் தூக்கைத் தாயிடம் நீட்டினார், அது காலையில் இருந்த கனத்திலேயே இருந்தது, தாய் ஒன்றும் கேளாமல் அடுப்பை மூட்டினார்.

இவ்வாறு எழுதிய பிள்ளைக்கு நாம் எத்தனை மதிப்பெண் அளிப்போம்? பழமொழியும் அடுக்குத்தொடரும் நிறைந்த கட்டுரைக்கே உயர்ந்த மதிப்பெண் என்றிருந்தால், கூர்ந்து காணும் பிள்ளை நாளடைவில் தன் கண்ணை நம்பாமல் பிறர் சொல்லைக் கடன் வாங்கக் கற்றுக்கொள்ளும். வகுப்பில் குறைவாகப் பேசுபவனை மந்தமானவன் என்று குறித்துவைப்பதும் இதனோடு ஒத்த தீங்கே. சொல்வளம் வளர்ப்பது நம் கடமை. அவ்வளத்தை எங்கே செலவிடாதிருப்பது என்று காட்டுவதும் நம் கடமையே. தூக்கின் கனத்தைக் கண்ட பிள்ளையின் வரிக்கு அருகில் நம் சிவப்பு மை என்ன எழுதுகிறது என்பதைப் பொறுத்தே, அப்பிள்ளை அடுத்த கட்டுரையை எழுதும்.